சாகாத்தாளும் ஒற்றைச் செருப்புகளும்

முன்னொரு காலத்திலே, கடல் இன்றைக்கு நிற்கும் இடத்தைவிட நாலு முழம் தள்ளி நின்ற காலத்திலே, நுரைப்பட்டினம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதற்கு ஒரு கோட்டை, ஒரு கோயில், ஒரு ராஜா. ராஜாவுக்குப் பெயர் கடற்கோமான். இதெல்லாம் எல்லா ராஜ்ஜியத்திலும் உண்டு. நுரைப்பட்டினத்தில் மட்டும் இருந்தது அதன் கடற்கரை. ஒரு காத தூரத்துக்கு வெள்ளை மணல். பொழுது சாய்ந்தால் ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். கேட்டால், காற்று வாங்க வந்தோம் என்பார்கள். காற்றோடு சேர்த்துச் சுண்டலும் வாங்குவார்கள்.

அந்தச் சுண்டலை விற்றவர்களில் ஒருத்திதான் நம் பவளாயி. விடிவதற்குள் எழுந்து பூவரச இலை பறிப்பாள். இலையைச் சுருட்டி ஈர்க்கு குத்திப் பொட்டலம் செய்வாள். அதில் பட்டாணிச் சுண்டலும் மாங்காய்க் கீற்றும் போட்டுத் தருவாள். தின்றவர்கள் இலையை எங்கே போட்டாலும் கவலையில்லை. ஆடு தின்னும், இல்லாவிட்டால் மண் தின்னும்.

பவளாயிக்கு ஒரே ஒரு சொந்தம், அவள் அக்கா அங்காயி. தாயும் தகப்பனும் போன பிறகு தங்கையை வளர்த்தவள் அவள்தான். மீன் அரிந்து விற்பாள். மனசு வெள்ளை, வாய் மட்டும் நீளம். மனசில் பட்டதைச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படி இருக்கையில் அந்த ஊருக்கு மினுக்கன் என்றொரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவனுக்கு வயது முந்நூறு. பார்த்தால் முப்பது சொல்லலாம். அவன் தோளில் ஒரு மூட்டை. மூட்டைக்குள் ஒரு வகைத் தாள். அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் தெரியும். நனைந்தால் கிழியாது, புதைத்தால் மட்காது, நூறு வருஷம் கிடந்தாலும் சாகாது. இன்று நாம் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அன்று அதற்குச் சாகாத்தாள் என்று பெயர்.

"இதுக்கு என்ன தரணும்?" என்று கேட்டாள் பவளாயி.

"ஒண்ணும் வேண்டாம் தங்கச்சி. சும்மா வச்சுக்க. தீர்ந்துபோனா இன்னும் தர்றேன்," என்றான் மினுக்கன்.

சும்மா தருகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை. லாபம் இருந்தது. ஒரு சாகாத்தாள் மணலில் விழுந்தால் மினுக்கன் ஆயுளில் ஒரு நாள் கூடும். அவன் முந்நூறு வருஷம் ஓட்டியது இப்படித்தான், ஊர் ஊராக, கடற்கரை கடற்கரையாக.

பவளாயிக்குப் பூவரச மரம் ஏறும் வேலை மிச்சம். மற்ற சுண்டல்காரர்களுக்கும் அப்படியே. ஜனங்களுக்கோ கையில் எண்ணெய் ஒட்டாத சுகம். பொழுது சாய்ந்தால் வந்தார்கள், தின்றார்கள், போட்டார்கள், போனார்கள்.

மூன்றாம் மாதம் அங்காயி ஒரு வஞ்சிர மீனின் வயிற்றைக் கிழித்தாள். உள்ளே நாலாக மடிந்த ஒரு தாள். அதை அலசி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"பவளம், இது உன் சுண்டத் தாளுதானே?"

"எல்லாரும்தான் குடுக்கறாங்க. நான் ஒருத்தி நிறுத்தினா ஆச்சா?"

"நீ நிறுத்துடி முதல்ல."

"போக்கா, உனக்கு மரம் ஏறத் தெரியுமா? காலு தோலு உரியறது எனக்குத்தானே?"

அன்று இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் காலை அங்காயி வீட்டிலிருந்த தாள் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், கடற்கரையில் உட்கார்ந்திருந்த மினுக்கன் மடியில் போட்டாள்.

"யோவ், உன் சாமானை நீயே வச்சுக்க. இது சாகாதுன்னு பீத்திக்கிறியே, இதைத் தின்ன மீனு சாகுது. இன்னொரு தடவை என் தங்கச்சி கையில இதைக் குடுத்தே, மீன் அரியற கத்தியோட வருவேன்."

மினுக்கன் கோபப்படவில்லை. முந்நூறு வருஷம் வாழ்ந்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வராது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஒரு பிடி மணலை அவள்மேல் வீசினான். "பேச்சு ஜாஸ்தியா இருக்கிறவளுக்குப் பேசாம வாழற உடம்பு நல்லது," என்றான்.

பின்னாலேயே ஓடிவந்த பவளாயி கண் முன்னே, அங்காயி குனிந்தாள், சுருங்கினாள், முதுகில் ஓடு ஏறியது. பங்குனியில் கரை ஏறி முட்டையிடுமே, அந்தப் பங்குனி ஆமை ஒன்று அங்கே நின்றது. பவளாயி அவன் காலில் விழுந்தாள். நேற்று மரம் ஏறியிருந்தால் இன்று இது நடந்திருக்காதே என்று அரற்றினாள்.

"சரி, எழுந்திரு," என்றான் மினுக்கன். "பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விடியக்காலையில, வருஷத்துல அந்த ஒரே ஒரு நாள், உன் அக்கா கரை ஏறுவா. அலைக்கரையிலேர்ந்து அடும்புக்கொடி படர்ந்த மேடு வரைக்கும் ஊர்ந்து போகணும். அங்க ஒரு முழம் குழி தோண்டணும். அதுவரைக்கும் என் தாள் ஒண்ணுகூட அவ மேல படக்கூடாது. படலைன்னா மனுஷி. பட்டா திரும்பிடணும். மூணு தடவை தவறலாம். நாலாவது தவறினா கடைசிவரைக்கும் ஆமைதான்."

"நான் எல்லாத் தாளையும் பொறுக்கிடுவேன்."

மினுக்கன் சிரித்தான். "போட்டவன் கையால எடுத்தாத்தான் அது மணலை விட்டுப் போகும். அடுத்தவன் எடுத்தா, அவன் முதுகு திரும்பறதுக்குள்ள பழைய இடத்துல வந்து படுத்துக்கும். நீ பொறுக்கு, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்?"

ஆமை ஒருமுறை தங்கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போனது.

பவளாயி அன்றே சாகாத்தாளில் சுண்டல் கொடுப்பதை நிறுத்தினாள். அவள் போட்டிருந்ததைத் தேடித் தேடி எடுத்தாள். அது போயிற்று. ஊர் போட்டது அப்படியே கிடந்தது. ஒரு காதத்துக்கு ஒரு ஊரே போடுகிற தாளை ஒருத்தி என்ன செய்ய முடியும்? நேரே அரண்மனைக்குப் போனாள்.

கடற்கோமான் நல்ல ராஜா. அழுகிறவர்களைப் பார்த்தால் உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் அவருக்கு. "பயம் காட்டினால் எல்லாம் சரியாகும்," என்றார். தண்டோரா போட்டார்கள். கடற்கரையில் சாகாத்தாள் போடுகிறவனுக்குப் பத்துக் கசையடி. பத்தடிக்கு ஒரு காவலன் நின்றான்.

பங்குனி உத்திரம் வந்தது. தேர் பார்த்த கூட்டம் அத்தனையும் கடற்கரைக்குத் திரண்டது. காவலன் இந்தப் பக்கம் பார்க்கும்போது ஜனங்கள் அந்தப் பக்கம் காலால் மணலைத் தள்ளினார்கள். பழைய தாள்மேலும் தள்ளினார்கள், புதிய தாள்மேலும் தள்ளினார்கள். வந்தார்கள், தின்றார்கள், புதைத்தார்கள், போனார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கரை பளிச்சென்று இருந்தது. பவளாயிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆமை கரை ஏறியது, மணலைத் தாண்டியது, மேட்டுக்கு வந்தது, தோண்டியது. ஒரு சாண் போயிருக்கும். துடுப்புக்காலில் ஒரு தாள் மாட்டி வெளியே வந்தது. ஆமை தோண்டுவதை நிறுத்தியது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"பயம் போதவில்லை, ஆசை காட்டுவோம்," என்றார் ராஜா இரண்டாம் வருஷம். போட்ட தாளை எடுத்து வந்து காட்டினால் தாளுக்கு ஒரு லட்டு. அரண்மனை மடைப்பள்ளியில் பத்து நாள் பூந்தி பொரித்தார்கள்.

ஜனங்கள் கெட்டிக்காரர்கள். எடுக்க வேண்டுமானால் முதலில் போட வேண்டுமல்லவா? மூட்டை மூட்டையாகத் தாள் கொண்டுவந்து கொட்டினார்கள். காற்று எடுத்துக்கொண்டு போனது போக மிச்சத்தைப் பொறுக்கி லட்டு வாங்கினார்கள். உச்சிப்பொழுதுக்கு லட்டு தீர்ந்துவிட்டது. தாள் தீரவில்லை. லட்டு இல்லை என்றதும் கையிலிருந்ததையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். வந்தார்கள், போட்டார்கள், லட்டுத் தின்றார்கள், போனார்கள். மறுநாள் ஆமை பத்தடி ஏறவில்லை.

மூன்றாம் வருஷம் பவளாயி ராஜாவிடம் போகவில்லை. "மனுஷங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கு. சொன்னா இரங்குவாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுண்டல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அக்கா கதையைச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். கேட்டவர்களும் அழுதார்கள். பொய்யாக அழவில்லை, நிஜமாகவே அழுதார்கள். பக்கத்து ஊர்களுக்கும் செய்தி போயிற்று. நுரைப்பட்டினத்தில் பேசத் தெரிந்த ஒரு பெண் ஆமையாகி வருகிறாளாம் என்றார்கள். பிறகு ஆமையம்மா என்றார்கள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உத்திரத்தன்று என்றும் இல்லாத கூட்டம். தட்டு தட்டாக மாலை, மஞ்சள், குங்குமம், கற்பூரம், தேங்காய். எல்லாம் சாகாத்தாளில் பொதிந்து. வாடாமல் இருக்க வேண்டுமே.

"அம்மா, அந்தத் தாளாலதான் என் அக்கா கரை ஏற முடியலை," என்றாள் பவளாயி ஒரு பெண்ணிடம்.

"தெரியும் தாயி. கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறே இறங்கலை," என்றாள் அந்தப் பெண். மாலையை உருவி அலையில் விட்டாள், பொதிந்திருந்த தாளை மணலில் விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆமை கரையையே மிதிக்கவில்லை. தண்ணீரிலேயே ஒரு தாள் அதன் கழுத்தில் பட்டது. முழங்கால் தண்ணீரில் நின்ற தங்கையை அது வெகுநேரம் பார்த்தது. பவளாயிக்கு அந்த வருஷம்தான் ஊர்மேல் வெறுப்பு வந்தது. கெட்டவர்களாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவர்கள் நல்லவர்கள், அழுகிறார்கள், போட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களை என்ன செய்வது?

நாலாம் வருஷம். இது தவறினால் அக்கா இல்லை. பவளாயி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எங்கே போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள், போடும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். வெறுப்போடு பார்க்கத் தொடங்கியவள், ஐப்பசி வருவதற்குள் வெறுப்பை மறந்துவிட்டாள். பார்ப்பதில் அவ்வளவு ருசி இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் எண்ணெய்க்கடைத் தாண்டவராயன் காற்று வாங்க வந்தார். பாதி வழியில் அவர் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார், உள்ளங்காலில் ஒரு சாகாத்தாள் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. மணலில் தேய்த்தார், போகவில்லை. குனிந்து கையால் உரித்தார், வந்தது. இன்னும் நாலு எட்டில் இன்னொன்று. அவர் தாண்டிப் போன இடத்தில் எத்தனையோ பேர் போட்ட தாள் கிடந்தது. அவையெல்லாம் பேசாமல் கிடந்தன. அவர் போட்டது மட்டும் அவர் காலைத் தேடி வந்தது.

ஏழு தாள். ஏழும் அவர் போட்டபோது பவளாயி பார்த்திருந்தவை. தாண்டவராயன் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், ஏழையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் வார் தைத்த செருப்போடு வந்தார். சுண்டல் தின்றார், தாளைப் போட்டார், போனார்.

பவளாயி எழுந்து நின்றுவிட்டாள். மந்திரவாதி சொல்லாமல் விட்டது இதுதான். தாள் தன்னைப் போட்டவனின் தோலை அறியும். இத்தனை நாளும் நடுவில் செருப்பு இருந்தது.

அன்றைக்கே வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தாள். "செருப்பைக் கழட்டிட்டு நடங்களேன், மணலு மெத்துன்னு இருக்கும்."

"சுடுமே," என்றார் ஒருவர்.

"முள்ளு கிள்ளு குத்திடப் போகுது," என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர்தான் விஷயத்தைச் சொன்னார். "எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே நடக்கறாங்க. நான் மட்டும் கழட்டினா என்னைப் பைத்தியம்னு நினைக்க மாட்டாங்களா?"

பவளாயிக்குத் தன் பழைய பேச்சே காதில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த வாரம் கோட்டைத் தெருவில் ஒரு வீட்டில் வளைகாப்பு. சுண்டல் கொடுக்கப் போனவள் வாசலில் நின்றாள். நடைக்கு வெளியே நாற்பது ஐம்பது ஜோடி செருப்பு. வந்தவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் காலை உதறிச் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கழற்று என்று யாரும் சொல்லவில்லை. அடிப்பேன் என்று காவலன் நிற்கவில்லை. லட்டும் இல்லை. வழி கேட்க வந்த ஒரு வெளியூர்க்காரன்கூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வழி கேட்டான்.

பவளாயி கூடையைக் கொடுத்துவிட்டு ஓட்டமாக ஓடினாள். தன் குப்பத்தில் வீடு வீடாகப் போய்ச் செருப்பு கேட்டாள்.

"செருப்பா? நமக்கு ஏதுடி செருப்பு? மணல்லேயே பொறந்து மணல்லேயே நடக்கறோம்," என்றார்கள்.

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் காலிலும் செருப்பு கிடையாது. குப்பத்தார் சுண்டல் வாங்கித் தாள் போடுகிறவர்கள் இல்லை, அவள் போட்டதையும் எப்போதோ எடுத்துவிட்டாள், அதனால் அங்கே யார் காலிலும் எதுவும் ஒட்டியதில்லை.

ஆனால் கடலில் இருந்தது. எந்தெந்த ஊரிலோ யார் யாரோ தொலைத்த செருப்பையெல்லாம் கடல் கொண்டுவந்து ஒதுக்கும். எல்லாம் ஒற்றை. பவளாயி ஒரு மாதம் கரையோரம் நடந்து அவற்றைப் பொறுக்கினாள். பெரியதும் சின்னதும், தோலும் கட்டையும், நாலில் மூன்று பங்கு இடதுகால். சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், இரண்டு பனைமரத்துக்கு நடுவே, அவற்றை இரண்டிரண்டாக வரிசை வைத்தாள். இடதும் இடதும் ஜோடி. பெரியதும் சின்னதும் ஜோடி. யார் பார்க்கப் போகிறார்கள்? செருப்பு விடுகிறவன் தன் செருப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று பார்ப்பானே தவிர, அடுத்தவன் செருப்பை உற்றுப் பார்க்க மாட்டான்.

முதல் நாள் வந்தவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். சிலர் நடை தளர்ந்தது. மூன்று பேர் கழற்றினார்கள். அந்த மூன்றும் வரிசையில் சேர்ந்தது. இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் தாண்டவராயன் வந்தார். உள்ளே ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கழற்றினார். என்ன விசேஷம் என்று யாரையும் கேட்கவில்லை. தனக்கு மட்டும் தெரியவில்லை என்று காட்டிக்கொள்வானேன்?

பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்? கால் வைத்தவர்கள் காலிலெல்லாம் தாள் ஒட்டியது. அவரவர் தாள் அவரவர் காலில். குனிந்தார்கள், உரித்தார்கள், இரண்டு பக்கமும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் அடுத்தவர்கள் குனிந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வெட்கம் பாதியாகக் குறைந்தது. இடுப்பில் செருகினார்கள், முந்தானையில் முடிந்தார்கள், வீட்டுக்குச் சுமந்தார்கள்.

புதிதாகப் போடுவதும் குறைந்தது. இன்று போட்டால் நாளை காலில் ஒட்டப் போகிறது என்று தெரிந்தது. அதைவிட, நடக்க மெத்தென்று இருந்த இடத்தில் போட மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. தின்ற தாளை வீடுவரை சுமக்கச் சோம்பல்பட்டவர்கள், "சுண்டக்காரம்மா, இலையிலேயே குடுத்துடேன்," என்று கேட்கத் தொடங்கினார்கள். எல்லோரும் இலை கேட்கவே, மற்ற சுண்டல்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே பூவரச மரம் ஏறினார்கள். கடலோரம் உள்ள மரம் அத்தனையிலும் விடிந்தால் ஆள் இருந்தது.

மினுக்கனுக்குத் தை மாதம் முதுகு வலித்தது. மாசியில் காதோரம் நரைத்தது. அவன் ஆயுளில் நாள் கூடவில்லை. ஜனங்கள் எடுக்க எடுக்கக் கூடியதும் கழிந்துகொண்டே வந்தது. பங்குனி உத்திரத்தன்று மாலை ஒரு பெரிய மூட்டைத் தாளைத் தூக்கிக்கொண்டு அவனே கிளம்பினான். யாரும் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்பது அவன் கணக்கு.

பனைமரத்தடிக்கு வந்தவன் நின்றான். ஆயிரம் ஜோடி செருப்பு இருக்கும். நடுவே ராஜாவின் ஜரிகைச் செருப்பும் கிடந்தது. மினுக்கன் அதைக் கவனிக்காமல் மணலில் ஓரடி வைத்தான். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அவன் காலைப் பார்த்தாள். "அண்ணே, செருப்பு," என்றாள். அதட்டவில்லை, சும்மா ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

முந்நூறு வருஷத்து மந்திரவாதி, எத்தனையோ கடற்கரையைப் பாழாக்கியவன், "ஓ, ஆமாம்," என்று சொல்லிக் காலை உதறினான். தான் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பார்க்குமுன் இரண்டு செருப்பும் வரிசையில் கிடந்தன. வெறுங்கால் மணலில் பட்டது.

தாள் போட்டவனின் காலை அறியும் என்றால், செய்தவனின் காலை அறியாதா? ஒரு காத தூரத்திலும் மிச்சம் கிடந்த அத்தனை தாளும் மணலைப் பிளந்துகொண்டு எழுந்தன. புதைந்தது, மறந்தது, செத்தவர்கள் போட்டது, ஊரைவிட்டுப் போனவர்கள் போட்டது எல்லாம் எழுந்தன. கடலுக்குள் கிடந்ததும் அலையோடு வந்தது. ஒவ்வொன்றாக அவன் காலில் ஒட்டியது, முழங்காலில் ஒட்டியது, கழுத்துவரை சுற்றியது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நாள் அவனிடமிருந்து கழிந்தது. தலை நரைத்தது, பல் விழுந்தது, கூன் விழுந்தது. தத்தித் தத்திப் பனைமரத்தடிக்கு வந்து தன் செருப்பைத் தேடினான். அதை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சுற்றிய தாளோடு வெறுங்காலோடு சாலையில் இறங்கி நடந்தவன் அப்புறம் எந்தக் கடற்கரையிலும் தென்படவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பவளாயி அலைக்கரையில் நின்றாள். மூன்று முறை நின்ற அதே இடம். கிழக்கே வெளுத்தபோது ஒரு ஓடு தெரிந்தது. ஆமை ஏறியது. ஓரடி வைக்கும், இளைப்பாறும், இன்னோரடி வைக்கும். பவளாயி தொடாமல், பேசாமல், பக்கத்திலேயே நடந்தாள். மணல் முடிந்தது. அடும்புக்கொடி வந்தது. ஆமை தோண்டத் தொடங்கியது.

ஒரு சாண். முதல் வருஷம் தாள் வந்தது இங்கேதான். மணல் வந்தது. ஒன்றரைச் சாண். மணல் வந்தது. ஒரு முழம். ஈர மணலும் ஒரு கிளிஞ்சலும் வந்தன. ஆமை தோண்டுவதை நிறுத்தியது. ஓடு இரண்டாகப் பிளந்து மணலில் சரிந்தது. குழிக்குப் பக்கத்தில் அங்காயி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் மணல், நகமெல்லாம் மணல்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததை நான் விவரிக்கப்போவதில்லை. வேண்டிய மட்டும் அழுதார்கள்.

பொழுது விடிந்ததும் ராஜா ஓடிவந்தார். "பவளாயி, பயத்துக்கும் மசியாத ஜனம், ஆசைக்கும் மசியாத ஜனம், அழுகைக்கும் மசியாத ஜனம். இவர்களை எதைச் சொல்லி மாற்றினாய்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை மகாராஜா. பக்கத்துல இருக்கறவன் செஞ்சான், இவங்களும் செஞ்சாங்க. நடக்க மெத்துன்னு இருந்துது, அதனால விடலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராஜா இன்னும் பெரிய காரணத்தை எதிர்பார்த்திருந்தார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் அரண்மனைக்குத் திரும்பினார். ஆனாலும் நேர்மையானவர். கசையைக் கிணற்றில் போட்டார், பவளாயிக்கும் அங்காயிக்கும் கடலைப் பார்த்த ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்.

அன்று காலை ராஜா போனதும் அக்காவும் தங்கையும் கரையோரமாக நடந்தார்கள். அதற்குள் நாலைந்து பேர் காலைக் காற்று வாங்க வந்துவிட்டார்கள். செருப்பை விட்டார்கள், இவர்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் அங்காயியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாலு வருஷம் பேசாம இருந்து வாயெல்லாம் ஊறிப்போச்சுடி," என்றாள் அங்காயி. பிறகு கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். "இவ்வளவு பேரா எனக்காகப் பொறுக்கினாங்க?"

அக்காவிடம் பொய் சொல்லப் பவளாயிக்கு வாய் வரவில்லை.

"உனக்காக யாரும் பொறுக்கலைக்கா. உன்னைப் பத்தித் தெரிஞ்சவங்ககூட மறந்துட்டாங்க. அவங்க அவங்க பாட்டுக்குச் செஞ்சாங்க."

அங்காயி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டாள். அப்புறம் அங்காயி சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு பவளம். எனக்காகச் செஞ்சிருந்தாங்கன்னா, நான் வந்துட்டேன்னு இன்னையோட நிறுத்திடுவாங்க."

இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் அங்கே நெடுநாள் இருந்தார்கள், நாம் இங்கே இருக்கிறோம், கடலும் அதன் இடத்தில் இருக்கிறது.